ஆறினால் காணாமல் போகிற கோளாறு

என் தங்கை வீட்டுக்காரர் கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் ஒரு பழைய கியர் ஸ்கூட்டரில்தான் வருவார். போன கத்திரி வெயிலில் நான்கு முறை வந்தார். நான்கு முறையும் வண்டி கிருமாம்பாக்கத்தில் படுத்துவிட்டது. ரெட்டிச்சாவடி வரை ஒரு குறையும் இருக்காது, கன்னியக்கோயில் பக்கம் வரும்போது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் பொசுக்கென்று ஆஃப். ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து உதைத்தால் முதல் உதையிலேயே ஸ்டார்ட். மூன்றாவது முறை டீக்கடைக்காரர் தூரத்தில் வண்டியைப் பார்த்ததுமே கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டாராம்.

மெக்கானிக் கடையில் நிறுத்தி உதைத்துப் பார்த்திருக்கிறார். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து, "கரன்ட் சூப்பரா வருதுண்ணே" என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று புது பிளக் போட்டு அனுப்பினார். மறுபடியும் கிருமாம்பாக்கம், மறுபடியும் டீ. மாப்பிள்ளைக்கு அந்த மெக்கானிக் மேல் ஏகக் கோபம். எனக்கு இல்லை. இதே தப்பை நான் விமானத்தில் செய்தவன், அதுவும் மூன்று முறை, லாக்புக்கில் கையெழுத்துப் போட்டு.

வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் எஞ்சினியராக இருந்த காலம். சின்ன விமானங்கள், லைகோமிங் நாலு சிலிண்டர் எஞ்சின். இந்த எஞ்சின்களில் தீப்பொறிக்கு பேட்டரியை நம்புவதில்லை, எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிற மேக்னெட்டோ இருக்கிறது. உள்ளே காந்தம் சுற்றும், பிரைமரி சுருளில் மின்சாரம் ஓடும், சரியான நேரத்தில் பாயிண்ட் என்கிற சின்ன சுவிட்ச் திறந்ததும் அந்த ஓட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, செகண்டரி சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிப் பிளக்கில் பாயும். பாயிண்டிலேயே பொறி அடித்து வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். பழைய ஸ்கூட்டர்காரர்களுக்கு இதெல்லாம் சொல்லவே வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால் விமானத்தில் மேக்னெட்டோ இரண்டு, சிலிண்டருக்கு பிளக் இரண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்று இறக்கிவிடும்.

பறப்பதற்கு முன் இரண்டும் நலமா என்று பார்ப்பதுதான் மேக் செக். செஸ்னா 152 என்றால் 1700 ஆர்பிஎம்மில் வைத்து, சாவியைத் திருப்பி ஒரு மேக்னெட்டோவை மட்டும் ஓடவிடுவார்கள். சுற்று கொஞ்சம் குறையும், அதுதான் ட்ராப். அது 125-ஐத் தாண்டக்கூடாது, இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 50-ஐத் தாண்டக்கூடாது. ட்ராப்பே இல்லையென்றால் எஞ்சின் பிரமாதம் என்று சந்தோஷப்படுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அநேகமாக மேக்னெட்டோவை அணைக்கிற ஒயரான பி-லீட் அறுந்திருக்கும், அதாவது சாவி அணைத்தாலும் அந்த மேக்னெட்டோ அணையவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் சும்மா ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் எஞ்சின் எழுந்துகொள்ளலாம், கை போகலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு மே மாதம். ஒரு விமானம் காலையில் முதல் சார்ட்டி, அதாவது முதல் பறப்பு, அருமையாகப் போய்விட்டு வரும். பெட்ரோல் போட்டுவிட்டு உடனே இரண்டாவது சார்ட்டிக்குக் கிளம்பினால் மேக் செக்கில் இடது பக்கம் 200 விழும், எஞ்சின் உதறும். மாணவன் ஸ்னாக், அதாவது கோளாறுக் குறிப்பு, எழுதுவான். விமானத்தைத் தள்ளிக்கொண்டு ஹேங்கருக்கு வருவோம், சாப்பாட்டு நேரம், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு ஓட்டிப் பார்த்தால் 75 ட்ராப், வெண்ணெய் மாதிரி ஓடும். "கிரவுண்ட் ரன் பார்த்தோம், நார்மல்." கையெழுத்து. இரண்டாம் முறை எட்டு பிளக்கையும் கழற்றி ஈயம் சுரண்டி மாட்டினேன். விமான பெட்ரோலில் இன்னும் ஈயம் இருப்பதால் கீழ்ப் பிளக்குகளில் சின்னச் சின்ன மணியாகக் கட்டிக்கொள்ளும், அதனால் அங்கே பிளக்கைச் சந்தேகிப்பது அப்படியொன்றும் முட்டாள்தனம் இல்லை. மூன்றாம் முறை பையனைத்தான் சந்தேகித்தேன். நல்ல பையன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான், இன்றைக்கும் உறுத்துகிறது.

இதில் எனக்கு உறைக்காமல் போனது ஒரு விஷயம். பறக்கும்போது மேக்னெட்டோ அவ்வளவாக வேகாது, காற்று அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்திய பிறகுதான் வேகும். எஞ்சினுக்குப் பின்னால், விமானி அறையைப் பிரிக்கிற ஃபயர்வாலுக்கு முன்னால், கவுல் என்கிற எஞ்சின் மூடிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. காற்று நின்றதும் சிலிண்டரின் சூடு மெதுவாகப் பின்பக்கம் வந்து சேரும், போதாததற்குக் கீழே தார்த்தளம் கொதிக்கும். நிறுத்திப் பதினைந்து இருபது நிமிடத்தில்தான் உச்சம், சரியாக அப்போதுதான் இரண்டாவது மாணவன் ஏறுவான். நான் சோதித்ததோ சாப்பிட்டு வந்த பிறகு.

நான்காவது முறை ஸ்னாக் வந்தபோது ஹேங்கருக்குத் தள்ளவே விடவில்லை. சூட்டோடு சூடாக நானே ஏறி உட்கார்ந்தேன். இடது மேக்னெட்டோவில் 210 விழுந்தது. அதே இடது மேக்னெட்டோவிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பெட்ரோலை அடைக்கிற மிக்ஸ்சர் குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்தி, ஒரு தண்ணீர் பாட்டிலோடு இறங்கினேன். இது பழைய ஆட்கள் வித்தை. ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயிலும் ஒரு சொட்டு விட வேண்டும். மூன்று சீறி ஒன்று மட்டும் சும்மா இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக் அல்லது அதற்கு வரும் லீட் ஒயர்தான் குற்றவாளி. இங்கே நான்கும் ஒரே மாதிரி சீறின, அப்படியானால் குறை ஒரு சிலிண்டருக்கு உரியதல்ல, நான்குக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பி-லீடைக் கழற்றிவிட்டு, யாரும் ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் காவல் வைத்து, மறுபடி இடதில் ஓட்டினேன். அப்போதும் உதறல். சாவியும் ஒயரும் நிரபராதிகள்.

மேக்னெட்டோவைக் கழற்றி மேசையில் வைத்தபோது அது ஆறிப்போயிருந்தது, மீட்டரில் செகண்டரி சுருள் பத்தாயிரம் ஓமுக்கு மேல் ஒழுங்காகக் காட்டியது. ஹாட் ஏர் கன்னைத் தூரமாகப் பிடித்து மெதுவாகச் சூடேற்றினேன். கை வைக்க முடியாத சூடு வந்தபோது எண் தடுமாறி, ஓபன், அதாவது உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, என்று காட்டியது. ஃபேனைத் திருப்பினேன், ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிட்டது. செகண்டரியில் சுற்றியிருப்பது தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதில் ஒரு இடத்தில் விரிசல், ஆறியிருக்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் சுற்றியுள்ளதெல்லாம் விரிய, முனைகள் பிரிந்துவிடும். அவ்வளவுதான். கண்டென்சரும் இதே விளையாட்டு விளையாடும், சூட்டில் கசியும், ஆனால் அது பாயிண்டைக் கருக்கித் தடயம் விட்டுவிட்டுப் போகும். சுருள் எதையும் விடாது.

சுருளை மாற்றினதோடு விட்டிருந்தால் அடுத்த மே மாதம் அடுத்த சுருள் போயிருக்கும். கவுலைத் திறந்து பார்த்தால், காற்றைத் திருப்பிவிடச் சிலிண்டர்களைச் சுற்றி வைத்த பேஃபிள் தகட்டின் ரப்பர் விறைத்துப் பின்னால் மடங்கிக் கிடந்தது. முன்னால் நுழைகிற காற்று சிலிண்டர் வழியாக இறங்காமல் அந்த இடுக்கில் தப்பித்துப் போயிருக்கிறது. எஞ்சினே அளவுக்கு மீறிய சூட்டில் ஓடியிருக்கிறது. எங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் பார்த்திருக்க வேண்டியது, பார்க்கவில்லை.

உதறலெல்லாம் இக்னிஷன் என்று நினைத்துவிடவும் கூடாது. உதறாமல் வழவழவென்று சுற்று மட்டும் அதிகம் குறைந்தால் நான் முதலில் டைமிங்கை, அதாவது பொறி விழுகிற நேரத்தை, பார்ப்பேன். இன்ஜெக்‌ஷன் எஞ்சின் சூட்டில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகியிருக்கலாம், மேக்னெட்டோவுக்குச் சம்பந்தமே இல்லை. நம் கடற்கரை மாதிரி ஈரக்காற்று உள்ள இடத்தில் 30 டிகிரியில்கூட கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும், சொன்னால் சிரிப்பார்கள். லைகோமிங்கில் காலையில் உதறி, சூடானதும் சரியாகிவிட்டால் வால்வ் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும், அது நேர் எதிர்க் கதை.

இப்போது ஸ்கூட்டர். "மாப்ள, அடுத்த தடவ நின்னா டீ குடிக்காதீங்க, உடனே பிளக்கக் கழட்டி உதைச்சுப் பாருங்க, பொறி அடிக்கக் கூடாது, நீலமா பளிச்சுனு இருக்கா, மஞ்சளா இருக்கா, இல்லவே இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "பொறி அடிக்கணுமா, அடிக்கக் கூடாதா, ஒழுங்கா சொல்லுங்க மச்சான்" என்றார், நான் குழப்பியதுதான். நல்ல வண்டியில் நீலமாகப் பளிச்சென்று அடிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருமாம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. பொறி இல்லவே இல்லை. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தங்கையின் ஹேர் டிரையரை இக்னிஷன் சுருளான காயில்மேல் காட்டினோம், அதே நாடகம், மீட்டரில் எண் தடுமாறி ஓபன். காயில் மாற்றியாகிவிட்டது. ஹேர் டிரையரில் கிரீஸ் ஒட்டியதற்கு வாங்கிய திட்டு தனி.

போன வாரம் மறுபடி போன் செய்தார். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதாம், ஓடிச் சூடானால் சரியாகிவிடுகிறதாம். கார்புரேட்டரைக் கழற்றிவைக்கச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.