தறியில நின்னுபோன சேலை

ஏற்காடு போலாம்னுதான் கிளம்பினேன், சேலம் ஜங்ஷன்ல எறங்கினதும் செம மழை, சரி ஃப்ரெண்டு வீடு அம்மாபேட்டைதானேன்னு அங்க போய் உக்காந்தவ மூணு நாள் மலையேறவே இல்ல.

அவங்க வீட்ல குழித்தறி. நெய்யுறது மாமா, ஆனா தார் (குறுக்கு நூல் சுத்துற சின்ன குழல்) சுத்துறது, பாவு (தறியில நீளவாக்குல ஓடுற நூல்) பிணைக்கிறது எல்லாம் அத்தைதான், கூலி பேசும்போது மட்டும் அது யார் கணக்குலயும் வராது (மாமா இதப் படிக்க மாட்டார்னு ஒரு தைரியம்). பழைய பாவு நுனியோட புதுப்பாவு நுனியச் சேர்த்து, விரல்ல சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு, அவ்ளோதான், முடிச்சே கிடையாது. இப்படி ஆயிரக்கணக்கான இழை. நான் இருபது போட்டேன், பதினஞ்சு கழண்டுருச்சு.

கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள், என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. கல்லறையக் கழுவி, சாமந்தி வச்சு, மெழுகுவத்தி ஏத்தி நின்னோம், ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுட்டே வந்தார். எங்க வீட்ல அமாவாசைக்குப் படைக்கிற மாதிரியா அத்தைன்னு கேட்டேன். "படையல் இல்ல கண்ணு, பாவக்கறை தீர்ற வரைக்கும் ஆத்துமா காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்தா சீக்கிரம் மோட்சம் போவட்டும்னு நாம வேண்டிக்கிறது"ன்னாங்க. கூட வந்த மருமக சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை), "எங்கள்ல செத்தவங்களுக்காக ஜெபம் கிடையாது, உயிர்த்தெழுற நாள்ல பாத்துக்கலாம், நான் அம்மாயிக்குப் பூ வைக்க வந்தேன்"னு சொல்லிட்டு அத்தைகிட்டயே தீப்பெட்டி வாங்கி ஏத்துச்சு.

அம்மாயின்னா அத்தையோட அம்மா. அந்தக் காலத்துலயே தறியில எறங்கி நெய்வாங்களாம். பாதி சேலை தறியில நிக்கும்போதே போய்ட்டாங்க. அதையே அறுத்துக் கோடியா போடலாம்னு பேச்சு வந்திருக்கு, ஆனா பாவு முதலாளியோடது, யார் அறுக்குறது, கடையில காட்டன் சேலை வாங்கிதான் போத்தியிருக்காங்க. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் யாரும் தறிய தொடல. அப்புறம் அத்தை குழியில எறங்கி மீதிய முடிச்சாங்க, கூலியில கழிச்சுக்கச் சொல்லி சேலைய வாங்கிட்டாங்க, கடன் தீர ரொம்ப நாள் ஆச்சாம்.

ராத்திரி பீரோவ தொறந்து எடுத்துக் காட்டினாங்க. எந்த எடத்துல கை மாறுச்சுன்னு பாத்தா தெரியவே இல்ல. என் விரலப் புடிச்சு மெதுவா தடவ விட்டாங்க, கெட்டியா வந்த துணி ஒரு எடத்துல லேசாச்சு.

"அழுதுட்டே நெய்தேன், இழைய நெருக்குற அடி சரியா விழல"ன்னாங்க. அப்புறம் அந்த எடத்துல மடிப்பு விழாம பாத்து மடிச்சு உள்ள வச்சாங்க.