அப்பாவின் கடிகாரமும் மெண்டன்ஹால் பனியாறும்

எங்கள் கப்பல் அலாஸ்காவின் ஜூனோவில் நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கரை சேர்ந்து இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பும் என்றும், எட்டரை மணிக்குள் அனைவரும் ஏறிவிட வேண்டும் என்றும் முந்தைய நாள் இரவே அறைக்கு ஒரு தாள் வந்திருந்தது. அப்பா அதை மூன்று முறை படித்தார். ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்றவர் அவர். திருச்சியிலிருந்து என்னைப் பார்க்க வான்கூவர் வந்திருந்தவரை அந்த 2024 ஜூலையில் அலாஸ்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அலாஸ்கா நேரம் வான்கூவர் நேரத்திற்கு ஒரு மணி பின்தங்கியது என்று சொன்ன பிறகும் தம் எச்.எம்.டி. கடிகாரத்தைத் திருப்ப அவர் சம்மதிக்கவில்லை. "ஊருக்கு ஊர் முள்ளைத் திருப்பிக்கிட்டிருந்தா, எது சரியான நேரம்னே மறந்துடும்மா" என்றார்.

ஜூனோவை ஒட்டி, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பனித்திரளான மெண்டன்ஹால் பனியாற்றுக்குக் கப்பல் வழியாகவே சுற்றுலா பதிவு செய்யலாம். துறைமுக வாசலில் தனியார் பேருந்துகளுக்கும் சீட்டு விற்கிறார்கள். வசதி உள்ளவர்கள் ஹெலிகாப்டரில் பனியின் மேலேயே போய் இறங்கலாம். நான் தேர்ந்தெடுத்தது இரண்டு டாலர் கட்டணத்தில் ஓடும் நகரப் பேருந்து. காசு மிச்சம் பிடிப்பது மட்டுமல்ல காரணம். அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை வேறொருவர் தீர்மானிப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் அதற்கொரு விலை உண்டு. கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தாமாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. மாநிலத் தலைநகராக இருந்தும் ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. கப்பலைத் தவறவிட்டால் விமானமோ படகோ பிடித்துத்தான் அடுத்த துறைமுகத்தில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் அப்பா தம் தொழில் விதியைச் சொன்னார்: "கடைசி வண்டியைக் கணக்குலயே வைக்காத. அதுக்கு முந்தினதுதான் உன் கடைசி வண்டி."

பேருந்தில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள் என்பதால், கையிலிருந்த இருபது டாலர் தாளை உடைப்பதற்காகவே ஒரு காப்பி வாங்க வேண்டியிருந்தது. அந்தக் காப்பி, பேருந்தில் நாங்கள் இருவரும் போய் வரும் செலவுக்குச் சற்றுத்தான் குறைவு. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் பள்ளத்தாக்கின் குடியிருப்புகள் ஊடே ஓடி, பனியாற்றுச் சாலை பிரியும் இடத்தில் வண்டி எங்களை இறக்கிவிட்டது. அங்கிருந்து பார்வையாளர் மையத்துக்கு ஒன்றரை மைல், அதாவது இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, நடக்க வேண்டும். இதைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கோ அந்த நடைதான் பயணத்தின் நல்ல பகுதி. இரு பக்கமும் பாசி போர்த்திய மரங்கள். மழை என்று சொல்ல முடியாத, ஆனால் சட்டையை நனைத்துவிடும் தூறல். நாங்கள் நடந்த டோங்காஸ் தேசிய வனம் ஒரு மழைக்காடு என்பதும், குளிர் நாட்டிலும் மழைக்காடு உண்டு என்பதும் நடந்து போகிறவர்களுக்கே உறைக்கும். பனி பின்வாங்கப் பின்வாங்க அது விட்டுச்சென்ற நிலத்தில் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து வேரூன்றியிருக்கின்றன. ஆகவே பனியை நோக்கி நடக்க நடக்கக் காட்டின் வயது குறைந்துகொண்டே போகிறது. ஏரியை நெருங்கும்போது வில்லோ, ஆல்டர் புதர்களே மிஞ்சுகின்றன. காற்று திடீரென்று குளிர்ந்தது, மரங்கள் விலகின, பனியாறு தெரிந்தது.

இப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'சிற்றேரிக்குப் பின்னாலுள்ள பனியாறு' என்பது. இயற்கையியலாளர் ஜான் மியூர் இதற்கு அந்த மக்களில் ஒரு குழுவினரின் பெயரால் 'ஆக் பனியாறு' என்று பெயரிட்டார். 1890களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடலோர அளவைத் துறையின் தலைவரான தாமஸ் கார்வின் மெண்டன்ஹாலின் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவின் கெஜமும் பவுண்டும் இனி மீட்டரையும் கிலோகிராமையும் கொண்டே வரையறுக்கப்படும் என்று 1893இல் ஆணையிட்டவர் இவர்தான். அவர் பெயரால் அமைந்த பனியாற்றின் நீளத்தை அங்குள்ள பலகைகள் இன்றும் பதின்மூன்று மைல் என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பார்வையாளர் மையத்தில் தலைக்கு ஐந்து டாலர் கட்டணம். 1962இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம், அமெரிக்க வனத்துறை நாட்டிலேயே முதன்முதலாகக் கட்டிய பார்வையாளர் மையம். பனியை அருகில் காட்டுவதற்காகப் பாறை மேல் எழுப்பிய அந்த மையத்தின் பெரிய கண்ணாடிச் சுவர் வழியாக இப்போது பெரும்பாலும் தண்ணீர்தான் தெரிகிறது. பனி ஏரியின் மறுகரையில் இருக்கிறது. அந்த ஏரியே சுமார் 1930 வரை கிடையாது என்றும், பனி பின்வாங்கிய குழியில் தேங்கிய நீர்தான் அது என்றும் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசாமல் நின்றார்.

கரையோரமாகச் சுமார் ஒரு மைல் நடந்தால் நகெட் அருவி. 377 அடி உயரத்திலிருந்து விழும் இந்த அருவி முன்பெல்லாம் நேராகப் பனியின் மேலேயே விழுந்ததாம். இப்போது மணல் திட்டில் நாம் நிற்கும் இடத்துக்கருகே ஏரியில் விழுகிறது. அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஏரி நீர் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது சாம்பல் நிறத்தில், அரிசி களைந்த நீரைப் போலக் கலங்கியிருந்தது. பனி தன் எடையால் பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவந்து கரைத்த நிறம் அது. கரை ஒதுங்கியிருந்த உள்ளங்கையளவு பனித்துண்டு ஒன்றை அப்பா குனிந்து எடுத்தார். கண்ணாடி போன்ற அதற்குள் ஊசி முனையளவு காற்றுக் குமிழிகள் வரிசையாகச் சிக்கியிருந்தன. காதருகே வைத்தால் அவை ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம், எண்ணெயில் கடுகு வெடிக்கத் தொடங்குவது போல, மெல்லக் கேட்டது. கை விறைத்துப்போகும் வரை அதை அவர் கீழே வைக்கவில்லை. தூரத்துப் பனிமுகப்பின் வெடிப்புகளில் தெரிந்த நீலம் அந்தத் துண்டில் இல்லையே என்று கேட்டார். அழுத்தத்தில் இறுகிய தடித்த பனி ஒளியின் சிவப்பை உறிஞ்சி நீலத்தை மட்டும் விட்டுவைக்கிறது, உள்ளங்கையளவுத் துண்டுக்கு அந்தத் தடிமன் போதாது என்றேன். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஸ்டீப் கிரீக் ஓடையின் மரப்பாலத்தில் வனக்காவலர் ஒருவர் எங்களைத் தடுத்து நிறுத்தினார். சாக்கை சால்மன்கள் முட்டையிட ஏறிவரும் ஓடை அது. உடல் செக்கச் சிவப்பாகவும் தலை பச்சையாகவும் மாறிய மீன்கள், முதுகு வெளியே தெரியும் ஆழத்தில் எதிர்நீச்சலில் நின்றுகொண்டிருந்தன. அவற்றைத் தேடி ஒரு கருங்கரடி பாலத்துக்கடியில் வந்திருந்தது. இதனால்தான் இந்தப் பாதைகளில் உணவு கொண்டுபோகத் தடை. எங்கள் கடலை மிட்டாயைப் பேருந்து நிறுத்தத்திலேயே தின்று தீர்த்துவிட்டுத்தான் வந்திருந்தோம். கரடிக்கு எந்த அவசரமும் இல்லை. இருபது நிமிடங்கள் நின்றோம். அப்பா ஒரு கண்ணால் கரடியையும் மறு கண்ணால் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் என் கைப்பேசி அணைந்துபோயிருந்தது. அப்பாவின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தேன்: ஏழே கால். முக்கால் மணிப் பேருந்துப் பயணம், பிறகு துறைமுகம் வரை நடை, எட்டரைக் கெடு, வயிறு கலங்கிவிட்டது. நான் பதறுவதைச் சில நொடிகள் ரசித்துவிட்டு, "இது உங்க ஊர் நேரம்மா. இங்க ஆறே கால்தான்" என்றார். ஊர்களின் நேர வித்தியாசத்தை அவருக்கு நான் விளக்கியது நினைவுக்கு வந்தது. ஏழரைக்குள் கப்பலில் இருந்தோம். அவர் விதிப்படி 'கடைசி வண்டி'க்கு இன்னும் நேரம் இருந்தது.

நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில், ஆகஸ்ட் தொடக்கத்தில், மெண்டன்ஹால் ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தது. பனியாற்றின் பக்கவாட்டில் சூசைட் பேசின் என்றொரு பள்ளம் இருக்கிறது. அதில் இருந்த சிறு பனியாறு பின்வாங்கிவிட, அந்த இடத்தில் உருகிய நீரும் மழையும் தேங்குகின்றன. பெரிய பனியாறே அதற்கு அணை. நீர் ஓர் அளவைத் தாண்டியதும் பனிக்கு அடியில் வழி கண்டுபிடித்து ஒரே மூச்சில் வெளியேறிவிடும். 2011 முதல் இது நடந்துவருகிறது. 2024இல் ஏறத்தாழ 300 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் பேருந்தில் கடந்து போன பள்ளத்தாக்கு அது. தொலைபேசியில் சொன்னபோது அப்பா அருவியைப் பற்றியோ கரடியைப் பற்றியோ கேட்கவில்லை. பேருந்து ஓடுகிறதா என்று கேட்டார்.

நாங்கள் பனியாற்றைப் பார்த்த அன்று இரவு ஒன்பது மணிக்கும் ஜூனோவில் வெளிச்சம் இருந்தது. மேல் தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். எட்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு தம்பதி கைப்பைகளோடு ஓடிவந்து ஏறினார்கள். அப்பா தலையை மட்டும் அசைத்தார். கயிறுகளை அவிழ்த்து, கப்பல் கரையை விட்டு விலகியதும், தம் சிறிய நாட்குறிப்பை எடுத்து, 'ஜூனோ: வருகை 12.00, புறப்பாடு 21.07' என்று அலாஸ்கா நேரத்திலேயே எழுதினார்.

"ஏழு நிமிஷம் லேட்" என்றார்.