மயில் மலையான ஊரில்

கோயில் நன்கொடைக் கல்வெட்டில் அப்பச்சி பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது. எங்கள் பக்கம் அப்பாதான் அப்பச்சி. நடந்தது அவ்வளவுதான். அதற்காக இரண்டு வருஷம் நான் அந்தக் கோயில் பக்கமே போகவில்லை. எந்தக் கோயில் என்பது இங்கே வேண்டாம். பளிங்குப் பலகையில் எழுபது எண்பது பெயர்கள் வெட்டும்போது ஓர் எழுத்து விழுந்துபோவது பெரிய குற்றமும் இல்லை. நானாகப் போய்ப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, “உங்க அப்பச்சி பேரைப் பாத்தியளா?” என்று கேட்டார். அன்றைக்கு ஏறியது இறங்கவே இல்லை. “பணமா பெரிசு, மரியாதை வேண்டாமா?” என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பணத்தை மறந்தவன் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டான் என்பது அப்போது உறைக்கவில்லை.

போன தை மாதம் ஆயா போன் செய்தார். எங்கள் பக்கம் அம்மாவைப் பெற்றவர்தான் ஆயா. எண்பது தாண்டிவிட்டது.

“பூசத்துக்கு நடக்குறவுகளுக்குச் சோறு போடுறோம், ஆளு பத்தல. வர்றியா அப்பு? இல்ல, அந்தக் கல்லையே கட்டிக்கிட்டு இருக்கப்போறியா?”

சரி என்று கிளம்பிவிட்டேன்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி பத்து கிலோமீட்டர்தான். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) காவடிகள் குன்றக்குடியில் கூடி, அங்கிருந்து சேர்ந்து புறப்படும். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடை. பழனியில் காவடி செலுத்திவிட்டுத் திரும்புவதும் நடைதான். அந்த நாட்களில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் வண்டியை விடக் கால்கள் அதிகம். விடியற்காலை இருட்டில் “அரோகரா” சத்தம் முதலில் வரும். டார்ச் வெளிச்சம் அப்புறம்தான்.

ஆயா வீட்டுக்குப் போகுமுன் குன்றக்குடி மலை ஏறிவிடலாம் என்று நினைத்தேன். சின்ன வயதில் எத்தனையோ முறை ஏறிய மலை. அப்போதெல்லாம் என் கவனம் படியில் திரியும் குரங்குகள் மேல்தான். தலபுராணத்தை இந்த முறைதான் மனதில் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

கதை இதுதான். அசுரர்கள் முருகனின் மயிலிடம் வந்து, “பிரம்மாவின் அன்னமும் திருமாலின் கருடனும் உன்னைவிட வேகமாகப் பறப்போம் என்று பெருமை பேசுகின்றன” என்று மூட்டிவிடுகிறார்கள். மயில் போய் விசாரிக்கவில்லை. கோபத்தில் பெரிதாக வளர்ந்து அன்னத்தையும் கருடனையும் விழுங்கிவிட்டது. பிரம்மாவும் திருமாலும் முருகனிடம் வந்து முறையிட, அவர் இரண்டையும் மீட்டுக் கொடுத்து, மயிலை மலையாகப் போகும்படி சபித்தார். அந்த மலைதான் குன்றக்குடி. மயூரகிரி என்று இன்னொரு பெயரும் உண்டு.

பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அந்த மயிலின் நியாயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. அன்னமும் கருடனும் அப்படிப் பேசியதை மயில் தன் காதால் கேட்கவில்லை. யாரோ வந்து சொன்னார்கள். எனக்கும் யாரோ ஒருவர்தான் படம் அனுப்பினார். அந்தக் காலத்தில் அசுரர்கள் நேரில் வந்து மூட்டினார்கள், இப்போது அவ்வளவு சிரமம் கிடையாது.

ஆனால் கதை சாபத்தோடு முடிவதில்லை. மலையான மயில் அங்கேயே தவம் கிடந்தது. முருகன் அதைத் தன்னிடம் வரச் சொல்லவில்லை. தானே வந்து சாபத்தைத் தீர்த்து, அந்த மலை மேலேயே கோயில் கொண்டுவிட்டார். பறந்து காட்டிப் பெயர் வாங்க நினைத்த மயிலுக்கு, அசையாமல் கிடந்தபோதுதான் அவரைச் சுமக்கும் இடம் கிடைத்தது. மேலே சன்னதியில் சண்முகநாதர் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக மயில் மீது அமர்ந்திருக்கிறார். வள்ளிக்கும் தெய்வானைக்கும் தனித்தனி மயில். மலையே ஒரு மயில், அதற்கு மேல் மூன்று மயில்கள். தீபாராதனையில் எனக்கு முகங்களை எண்ணிப் பார்க்க முடியவில்லை. முன்னால் நின்றவர் தோளில் இருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய மருதுவின் கதையையும் இங்கே சொல்வார்கள். முதுகில் ராஜபிளவை என்கிற கொடிய கட்டி வந்து எந்த வைத்தியத்துக்கும் அடங்காமல் தவித்தவருக்கு, பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் வழக்கமுள்ள ஒரு நகரத்தார் விபூதி இட்டுக் குணமாயிற்றாம். அதன் பிறகு இந்தக் கோயிலுக்கு அவர் ஏராளமான திருப்பணி செய்தார். சீமையை ஆண்டவர், வழிநடையாகப் போகிற ஒரு வியாபாரி முன்னால் முதுகைத் திறந்து காட்டிக் குனிந்திருக்கிறார். வெள்ளைக்காரனுக்குக் குனியாமல் 1801இல் இதோ பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறியவரும் அவரேதான்.

ஆயா வீட்டுக்குப் போனபோது முகப்பில் இருபது பேர் படுத்துக் கிடந்தார்கள். உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவில் பந்தி. இரண்டாங்கட்டில் அடுப்பு. என்னைப் பார்த்ததும் ஒரு வாளியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சாம்பார் பரிமாறினேன். வந்தவர்களெல்லாம் “போதும் சாமி” என்றார்கள். என் முகத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடக்கிறவர்களுக்கு எதிரே வருகிற எல்லோரும் சாமிதான் என்று தெரியும். இருந்தாலும், லீவு போட்டு இவ்வளவு தூரம் வந்து ஊற்றுகிறேனே என்று உள்ளே ஒரு குரல் முனகத்தான் செய்தது.

முகப்பு ஓரத்தில் ஆயா வெந்நீர்ச் சட்டியோடு மணையில் உட்கார்ந்து ஒரு பையனின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆயா, உங்க வயசென்ன? அவன் காலைப் போய்…”

“காவடி எடுத்த காலுக்கு வயசு ஏதுப்பு? சும்மா நிக்காம அந்தா அவுகளுக்குப் புடிச்சு விடு.”

அவர் காட்டிய ஆளுக்கு அறுபது வயதிருக்கும். வெறுங்காலோடு நடந்து உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. உப்புப் போட்ட வெந்நீரில் துடைத்து விளக்கெண்ணெய் தடவினேன். முதலில் கூச்சமாக இருந்தது. யாராவது போட்டோ எடுத்தால் நன்றாயிருக்குமே என்றும் தோன்றியது, மறைப்பானேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு “முருகா” என்று மட்டும் சொன்னார். குதிகாலில் நீளமாக இரண்டு வெடிப்பு. எண்ணெயை அதில் வைத்து விரலால் அழுத்தும்போது என் கை நின்றுவிட்டது.

அப்பச்சிக்கும் குதிகால் இப்படித்தான் வெடித்திருக்கும். பனிக்காலத்தில் சாக்கைச் சுற்றிக்கொண்டு படுப்பார். கடைசி வருஷம் கால் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தபோது நல்ல டாக்டராகப் பார்த்தேன், ஆள் வைத்தேன், மாதா மாதம் பணம் அனுப்பினேன். அந்தக் காலை ஒரு நாள், ஒரே ஒரு நாள், மடியில் வைத்துப் பிடித்துவிட்டதில்லை. அவர் பெயரின் ஓர் எழுத்துக்காக இரண்டு வருஷம் சாமியோடு சண்டை போட்டவன் நான்தான்.

அந்த மனிதர் குறட்டை விட ஆரம்பித்த பிறகும் நான் காலை விடவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் அப்போது தோன்றவில்லை. யாருடைய கால் என்பதுகூட ஒரு கட்டத்தில் குழம்பிப்போனது. சன்னதியில் கூட்டத்தில் எட்டி எட்டிப் பார்த்தும் கிடைக்காதது இங்கே தரையில் உட்கார்ந்தபோது கிடைத்தது. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கூட்டம் சிங்கம்புணரிப் பக்கம் நகர்ந்துவிட்டது. கிணற்றடியில் ஆயாவும் நானும் பாத்திரம் தேய்த்தோம். ஆளுயரத்தில் பாதி வரும் செம்புத் தண்ணீர் அண்டா, விளிம்பெல்லாம் பச்சைப் பச்சையாகக் களிம்பு. சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்கு இந்தக் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, செம்போடு கூடவே பிறந்தது. பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். புளியும் உப்பும் வைத்துத் தேய்த்து நகக்கண் எரிந்தபோதுதான் உவமை கொஞ்சம் பிடிபட்டது.

“இவ்வளவு தேய்ச்சும் அடுத்த பூசத்துக்கு மறுபடி ஏறிடும்ல ஆயா?”

“ஏறும். தேய்ப்போம்.”

வயிற்றுப் பக்கம் துலங்கியதும் அங்கே வெட்டியிருந்த விலாசம் லேசாகத் தெரிந்தது. கொடுத்தவர்களின் குடும்ப எழுத்துகள். தேய்த்துத் தேய்த்து முதல் எழுத்து மழுங்கிப்போயிருந்தது. மூன்றாவதும் ‘ந’வா ‘த’வா என்று சொல்ல முடியவில்லை. “இது யாரு வீட்டு அண்டா?” என்று கேட்டேன். ஆயா தண்ணீர் ஊற்றிக்கொண்டே யோசித்தார். “எங்க மாமியாருக்கே தெரியாதும்பாக. தண்ணி நல்லா இருக்கும் இதுல.”

ஊர் திரும்பும் வழியில் அந்தக் கோயிலில் இறங்கினேன். கல்வெட்டுப் பக்கம் திரும்பாமல் வந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. சாமியைப் பார்க்குமுன் அதைத்தான் பார்த்தேன். எழுத்து இன்னும் இல்லை. யாரோ விளக்குப் போட்ட எண்ணெய்க் கையை அங்கே ஊன்றியிருக்க வேண்டும், அப்பச்சி பெயர் மேல் தூசி அப்பிக் கறையாக இருந்தது. துண்டு நுனியை நனைத்துத் துடைத்தேன். பக்கத்துப் பெயர்களிலும் கறை இருந்தது. கீழ் வரிசை வரைக்கும் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.