முதுகுப்பைக் காற்றாலை: ஆடி வரைக்கும் ஆனது

ஒரு கிலோவுக்குள் ஒரு காற்றாலை. மடக்கி முதுகுப்பையில் வைக்க வேண்டும், ராத்திரி கூடாரத்துக்கு வெளியே நட்டால் போன் சார்ஜ் ஏற வேண்டும். வைகாசியில் இந்த ஆசையோடு இறக்கைக்காகப் பிவிசி குழாய் அறுக்க உட்கார்ந்தேன்.

அறுப்பதற்கு முன் கணக்குப் போட்டேன். விட்டம் 60 செ.மீ. என்றால் சுழலும் பரப்பு 0.28 சதுர மீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் காற்றில் அந்த வட்டத்தைக் கடந்து போகிற சக்தியே 21 வாட்தான். பெட்ஸ் வரம்புப்படி அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. பிவிசி இறக்கை கால்வாசி எடுத்தாலே நல்ல இறக்கை. மோட்டாரும் டையோடும் தின்றது போக 3 வாட் என்று சுவரில் எழுதி ஒட்டினேன். காற்று பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும் என்பதை மட்டும் எழுதவில்லை, மனசு வரவில்லை.

ஜெனரேட்டராக, உடைந்த 3டி பிரிண்டரிலிருந்து கழற்றிய நேமா 17 ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் வகை), 280 கிராம். மெதுவாகச் சுற்றினாலே வோல்ட் தரும், கியர் வேண்டாம். இரண்டு காயிலுக்கும் தனித்தனி பிரிட்ஜ், அதாவது ஏசியை டிசியாக்கும் நாலு டையோடுச் சுற்று. முதலில் போட்ட 4007 டையோடுகளைக் கழற்றிவிட்டு வோல்டேஜைக் குறைவாகத் தின்னும் 5819 ஷாட்கி டையோடுகளை வைத்தேன். இந்தச் சின்ன வோல்டேஜில் டையோடில் அரை வோல்ட் மிச்சமானாலும் கண்ணுக்குத் தெரிகிறது. இறக்கைகள் 4 அங்குலக் குழாயில் அறுத்தவை, மூன்று.

மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தது வீண். கைப்பிடிச் சுவரில் மோதி வரும் காற்றில், முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்ப வேண்டிய வால் நாலு திசைக்கும் ஆடியதுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு உடுமலைப்பேட்டைப் பக்கம் நண்பனின் மானாவாரி மேட்டுக்கு எடுத்துப் போனேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, மறிக்க மரமில்லை. சுற்றிலும் பெரிய காற்றாலைகள் நிற்க, நண்பனின் அப்பா என் மூங்கில் கம்பத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இது அதோட குட்டியா?” என்றார்.

குட்டி சுற்றவில்லை. காற்று வேகம் அளக்கும் கைக்கருவி 3.8 மீ/வி காட்டியது, இறக்கை அசையவில்லை. ஸ்டெப்பரின் குணம் அது. காந்தம் பல் பல்லாகப் பிடிக்கும், அந்தப் பிடியை விட்டு விலகத் தனி வேகம் வேண்டும். 4.5 தாண்டினால்தான் தானாகக் கிளம்பியது. அதோடு வானிலைச் செயலி சொல்லும் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது. என் கம்பம் 2 மீட்டர். திறந்த நிலத்திலேயே அந்த உயரத்தில் சக்தி ஏறத்தாழ பாதி போய்விடும்.

இறக்கையின் அடிப்பகுதியை அகலமாக விட்டு, காற்றுக்கு இன்னும் சாய்வாகத் திருப்பி மறுபடி அறுத்தேன். இப்போது 3.5-லேயே கிளம்புகிறது.

அடுத்த தொல்லை போன். அது கேட்கிற கரண்ட்டைக் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் படுத்துவிடும், பிறகு எழும், போன் ‘டிங்’ என்னும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாற்பதாவது ‘டிங்’கில் எழுந்து போய்க் கழற்றினேன். வோல்டேஜைக் குறைத்து, கரண்ட்டையும் கட்டுப்படுத்தும் பக் மாட்யூல் வைத்து அரை ஆம்பியரில் நிறுத்தி, நடுவில் ஒரு பவர் பேங்க் சேர்த்தபின் சத்தம் இல்லை.

கழற்றிய அந்த ராத்திரிதான் இறக்கையும் உடைந்தது. சுமை போனதும் தறிகெட்டுச் சுற்றியது. ஒயர்களை ஒன்றோடொன்று இணைத்து ஷார்ட் செய்தால் மோட்டாரே பிரேக் ஆகும் என்று நம்பியிருந்தேன். மெதுவாகச் சுற்றும்போது ஆகும். வேகம் ஏறிவிட்டால் காயிலின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைத் தடுக்கும் குணம்) கரண்ட்டை அடக்கிவிடுவதால் பிடி தளர்ந்துவிடுகிறது. போல்ட் துளையிலிருந்து விரிசல் ஓடி ஒரு இறக்கை புதருக்குள் போய் விழுந்தது. இப்போது முதலில் வாலைக் கயிற்றால் இழுத்து முகத்தைக் காற்றிலிருந்து திருப்புகிறேன், அப்புறம்தான் ஷார்ட்.

ஆடியில் ஒரு முழு ராத்திரி, ஒன்பது மணி நேரம் ஓடியதில் யுஎஸ்பி மீட்டர் காட்டியது 13 வாட்-மணி. கம்பம், கயிறு, முளையெல்லாம் சேர்த்து எடை 1,150 கிராம். அதே எடைக்கு 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஐந்து தூக்கலாம், இழப்பு போகக் கையில் 120 வாட்-மணி இருக்கும். ஆக, தினமும் ஆடிக்காற்று அடிக்கும் மேட்டில் ஒன்பது ராத்திரிக்கு மேல் தங்கினால்தான் என் காற்றாலை ஜெயிக்கும். என் மலையேற்றமெல்லாம் இரண்டு நாள்.

கம்பத்துக்குப் பதில் நடைக்கோல்களையே இணைத்தால் 300 கிராம் குறையும். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவிகளில் இருக்கும், பிடிப்பில்லாமல் சுற்றும் கிம்பல் மோட்டார் ஒன்றும் ஆர்டர் போட்டிருக்கிறேன். புரட்டாசியில் காற்று ஓய்ந்துவிடும், பார்சல் அதற்குள் வர வேண்டும்.