காலில் காய்ப்பும் கையில் பிளேடும்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடை, புடவைப் பிரிவு. எனக்கு இது ஒன்பதாவது வருஷம். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரை நின்றபடிதான். வலது பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் கீழே, ஊன்றுகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் காய்த்துப் போயிருந்தது. ரொம்ப நாள் வலியில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. போன தீபாவளிக் கூட்டத்தில்தான் அடி வைக்கும்போதெல்லாம் காலுக்கடியில் கூழாங்கல் கிடப்பது மாதிரி உறுத்த ஆரம்பித்தது.

முதலில் செய்த முட்டாள்தனம் பிளேடு. குளித்து முடித்து, தோல் ஊறியிருக்கும்போதே சீவினேன். காய்த்த தோலுக்கு உணர்ச்சி கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. நாலு நாள் குதிகாலை மட்டும் ஊன்றி நொண்டினேன். மூன்றே வாரத்தில் காய்ப்பு முன்பைவிடத் தடிப்பாகத் திரும்பி வந்தது.

அடுத்து மெடிக்கல் ஷாப்பில் கால் ஆணி பிளாஸ்டர். நடுவில் வட்டமாக சாலிசிலிக் அமில மருந்து வைத்திருப்பார்கள். கடை வேலையில் கால் வியர்த்து, பிளாஸ்டர் நகர்ந்து, பக்கத்து நல்ல தோலில் போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் அந்த இடம் வெளுத்துப் பிய்ந்து வந்தது. தண்ணீர் பட்டாலே எரிச்சல்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். நியாயமாக முதலில் போயிருக்க வேண்டிய இடம். அவர் காய்ப்பை மேலே அழுத்திப் பார்த்தார், பிறகு இரண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளிப் பார்த்தார். பாத மரு என்றால் கிள்ளும்போது வலி அதிகமாக இருக்குமாம். தோல் ரேகைகள் அந்த இடத்தில் அறுந்துபோகும், உள்ளே கரும்புள்ளிகள் தெரியும். ஆணி என்றால் நடுவில் கெட்டியாக ஒரு முளை இருக்கும். எனக்கு ரேகைகள் காய்ப்பின் மேலேயே ஓடின. வெறும் காய்ப்புதான். அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "எதுமேல நிக்கிறீங்க?"

கவுன்டருக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிவிட்டு கிரானைட் தரையில் வெறுங்காலோடு நிற்பதுதான் எங்கள் பழக்கம். வெளியே போட்டுப் போகிற செருப்பும் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. அழுத்தம் விழுகிற இடத்தில் உடம்பு தானே தோலைத் தடிப்பாக்கிக் கவசம் போட்டுக்கொள்கிறது. அழுத்தத்தை அப்படியே விட்டுவிட்டுக் கவசத்தைச் சீவிக்கொண்டே இருந்தால், அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

அவர் சொன்ன வைத்தியம் ரொம்பச் சாதாரணம். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் கால் ஊற வேண்டும். பிறகு பாதம் தேய்க்கிற நுரைக்கல்லால் லேசாகத் தேய்க்க வேண்டும். ஒரேயடியாக வழித்தெடுக்கக் கூடாது, மேலே மாவு மாதிரி வருவது போதும். ஈரத்தைத் துடைத்துவிட்டு 20 சதவீத யூரியா கிரீம். யூரியா என்றதும் எனக்கு வயலில் போடும் உரம்தான் ஞாபகம் வந்தது. பெயர் அதேதான், ஆனால் தோலில் ஈரத்தைப் பிடித்துவைத்து இறுகிய தோலை இளக்குமாம். வெடிப்பு இருந்த இடத்தில் சுருக்கென்று எரிந்தது. கிரீம் போட்ட காலோடு டைல்ஸ் தரையில் எழுந்து நடந்து ஒரு தடவை வழுக்கி விழப் பார்த்தேன். அதற்கப்புறம் மேலே பருத்தி சாக்ஸ். மார்கழியில் சுகமாகத்தான் இருந்தது. சித்திரையில் கரண்ட் போன ராத்திரி சாக்ஸைக் கழற்றி எறிந்ததும் உண்டு.

முதல் வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் விரலால் தடவினால் விளிம்பு இளகியிருந்தது. ஆறு வாரத்தில் உறுத்தல் போய்விட்டது. லேசான தடிப்பு இன்னும் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கும் காலில் காய்ப்பு உண்டு. மீதியிருந்த பிளாஸ்டரைக் கேட்டார். அம்மாவுக்கு பத்து வருஷமாகச் சர்க்கரை. கொடுக்க மாட்டேன் என்றேன், கோபித்துக்கொண்டார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் புண் வந்தாலும் தெரியாது, ஆறவும் நாளாகும். பிளேடு, பிளாஸ்டர், சுடுதண்ணீர் எதுவும் அவர்களுக்கு வீட்டு வைத்தியமில்லை. மருத்துவரிடம்தான் கூட்டிப்போனேன்.

புதுச் செருப்பை சாயங்காலமாகப் போய் வாங்கினேன், கால் லேசாக வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். முன்பக்கம் அகலம், மெத்தென்ற அடி, பின்னால் வார். கடைக்குள்ளும் அதைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன்.

உட்காருவதுதான் பாக்கி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் பிரிவிலும் ஒரு ஸ்டூல் இருந்தது, அதன்மேல் புடவைப் பெட்டிகள் உட்கார்ந்திருந்தன. ஒருநாள் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் பெட்டிகளை நானே இறக்கி வைத்தேன். சூப்பர்வைசர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நாங்கள் நாலு பேரும் அதில் முறை வைத்து உட்காருகிறோம்.