தம்பி பூட்டிய ரேஸ் சைக்கிள்

தம்பி ஒவ்வொரு சாமானாகச் சேர்த்துப் பூட்டிய ரேஸ் சைக்கிள் இன்று மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் ஓடியது! காபன் நார் பிரேம், ஷிமானோ கம்பனியின் டியூரா ஏஸ் கியர் செற், பின்னால் 12 பல்சக்கரம், 28 மில்லிமீற்றர் ரயர். எடை 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். சர்வதேசப் போட்டிகளில் 6.8 கிலோவுக்குக் குறைந்தால் விடமாட்டார்கள், அதனால் இது போதும்.

எனக்குப் பிடித்தது அவன் பூட்டிய விதம்தான். சீட் குழாய்க்குக் கிரீஸ் பூசவில்லை. விரலில் நறநறக்கும் காபன் பசையைத் தடவினான். வழுக்காமல் பிடிக்க அதுதான் சரி. அப்புறம் இறுக்கத்தை அளக்கும் சாவியைப் போட்டு, 5 நியூட்டன் மீற்றர் வந்து 'டிக்' என்றதும் கையை எடுத்துவிட்டான். கூட இறுக்கினால் காபன் வெடித்துப்போகும்.

எங்கள் ஊரில் கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம். உப்புக் காற்றில் காபனும் அலுமினியமும் நேரே தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். அதனால் போல்ட் மரைகளுக்கெல்லாம் பொறுமையாகக் கிரீஸ் வைத்தான்.

மேடில்லாத ஊர் என்று ஆழமான, அதாவது பக்கவாட்டில் பட்டை அகலமான றிம் போட்டிருக்கிறான். நேர் காற்றில் நல்ல வேகம். பக்கக் காற்றில் முன்சில்லு இழுக்கும். கல்முனை வீதியில் விடியக்காலை அவனைக் கண்டால், பஸ் ஓட்டுகிற அண்ணாமார் கொஞ்சம் இடம் விட்டுப் போங்க.