வயதுபோன நாயின் ஈரலுக்குத் தயிர் காணுமா?

எட்டு, ஒன்பது வயதான நாய் சோறு தின்னப் பஞ்சிப்பட்டால், "ஈரலாக்கும், தயிர் குடுங்கோ" என்று சொல்ல அயலில் ஆள் இருக்கும். தயிரோ, நல்ல பக்டீரியா அடங்கிய புரோபயோட்டிக் தூளோ பழுதான ஈரலை மாற்றாது. குடலில் இருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது; குடலில் உண்டாகும் அமோனியாவும் பக்டீரியா நச்சும் அதே வழியால் வரும். நல்ல பக்டீரியா அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கலாம்.

அதனால் முதலில் வாய்க்குள் போவதைப் பாருங்கோ. மாரியில் பூஞ்சணம் பிடித்த பாண், பழைய கச்சான், நமத்துப்போன நாய்த் தீன் இதுகளில் அஃப்ளாடொக்சின் என்கிற பூஞ்சண நஞ்சு இருக்கலாம். அவித்தாலும் அது போகாது. மூட்டு நோவுக்கு வீட்டுப் பனடோலைக் கொடுக்கிறதையும் விட்டுவிடுங்கோ. பூனைக்கென்றால் ஒரு குளிசையே உயிரை எடுக்கும்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. ஏஎல்டி என்கிற ஈரல் நொதியம் கூடினால் ஈரல் கலங்கள் சேதப்படுகின்றன என்று எடுக்கலாம். ஏஎல்பி என்கிற மற்ற நொதியம் அப்படியில்லை: பித்தம் அடைபட்டாலும் கூடும், ஸ்டீரொயிட் மருந்தாலும் கூடும். அதைமட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

தயிர் என்றால் வீட்டில் தோய்த்தது, உப்பும் சீனியும் இல்லாமல். சின்ன நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரிய நாய்க்கு ஒரு மேசைக்கரண்டி, நாளுக்கு ஒருதரம். சீனி போடாதது என்று விற்கிற யோகட்டில் சைலிட்டோல் என்கிற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு நஞ்சு, ஈரலையே அழிக்கும். கனபேர் பிழைவிடுகிற இடம் சூடு. ஆவி பறக்கிற சோற்றில் பிசைந்தால் பக்டீரியா செத்துவிடும், மிஞ்சுவது வெறும் புளிப்புத்தான். விரலை வைத்தால் சுடாத பதத்தில் கலவுங்கோ. வயிறு இளகினால் பாதியாக்குங்கோ, பிறகும் நிற்காவிட்டால் விட்டுவிடுங்கோ. பால்வெல்லம் (லக்டோஸ்) சமிக்காத நாய்களும் உண்டு.

தயிரில் எந்த இனம், எத்தனை கோடி என்று ஒருவருக்கும் தெரியாது. புரோபயோட்டிக் தூள் பக்கெற்றில் அது எழுதியிருக்கும், அதனால் மிருக வைத்தியர்கள் தூளைத்தான் விரும்புவார்கள். அன்டிபயோட்டிக் ஓடுகிறதென்றால் அதுக்கும் தூளுக்கும் (தயிருக்கும்) நடுவே 2 மணித்தியாலம் விடுங்கோ.

ஈரல் நோய் என்றதும் இறைச்சி, முட்டையை அடியோடு நிறுத்துகிறார்கள். அது பிழை, தசை கரைந்து நாய் இன்னும் நலியும். அமோனியா மூளைக்கு ஏறினால்தான் புரதத்தில் கைவைப்பது. தின்ற பிறகு வட்டமடிப்பது, சுவரில் தலையை அழுத்தி நிற்பது, வீணீர் வடிவது அதன் குறிகள். அப்போது லக்டுலோஸ் என்கிற மலமிளக்கிப் பாணி எழுதுவார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகிற அளவுக்குக் கூட்டிக் குறைப்பார்கள். முரசும் கண்வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தாலும் அன்றைக்கே கொண்டுபோகவேணும்.